ஒரு ம் குறையுது

மூன்றாம் கவுண்டர்க்காரிக்கு ஒரே எழுத்துத்தான் பேச்சு.
"பார்சல் ஒண்டு வந்திருக்காம்" என்றேன்.
"ம்."
"துண்டு இந்தா."
"ம்."
"கொழும்பிலயிருந்து. மூக்குக்கண்ணாடி.
அது இல்லாமல் இந்தத் துண்டில என்ன எழுதியிருக்கெண்டே எனக்கு..."
"ம்."

மேலே மின்விசிறி
ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையில் யோசித்தது.
துறைமுகப் பக்கம் கப்பலொன்று ஊதிற்று,
அதுவும் நீளமாய் ஒரு ம்.

பிறகு என் அடையாள அட்டையைத் தூக்கி
மீன்காரி ஆயிரம் ரூபாய்த் தாளைப் பார்ப்பதுபோல
வெளிச்சத்தில் பிடித்தாள்.
"அட்டையில வில்வரட்ணம்.
பார்சல் வில்வரத்னவுக்கு.
ஒரு ம் குறையுது, ஐயா."

ட்ண தேய்ந்து த்ன ஆனது பற்றி அவளுக்குக் கவலையில்லை.
அந்த ம் ஒன்றுதான்.
வாய் நிறைய வைத்திருக்கிறாளே,
ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டால் என்ன?
கேட்கவில்லை.
எனக்குப் பின்னால் பதினேழு பேர்.
முதலாமவர் என் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"கிராம சேவகரிட்டக் கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

கிராம சேவகர் கந்தளாயில் கூட்டம்.
அடுத்த நாள் கூட்டம் முடிந்த களைப்பு.
மூன்றாம் நாள் எழுதினார், முத்திரை குத்தினார்,
எனக்குத் தெரியாதென்று தானே உரத்து வாசித்தார்:
அட்டையில் வில்வரட்ணம் எனக் காணப்படும் இந்நபர்
வில்வரத்னவே என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.
ஐம்பத்தாறு வருசம் என்னோடிருந்த ம்
ஊதா மையில் ஓய்வு பெற்றது.

போட்டோக்கொப்பி எடுத்து, தபாற்கந்தோர் வாசலில்
சைக்கிளைப் பூட்டக் குனிந்த நேரம்
கேற்றடியில் நின்ற மான் கொப்பியைத் தின்றுவிட்டது.
மூலத்தையும் முகர்ந்து பார்த்து விட்டுவிட்டது.
அரச முத்திரை அதற்கும் கசந்திருக்கும்.

திரும்பவும் கொப்பி.
திரும்பவும் வரிசை.
என் முறை வந்தபோது கண்ணாடித் தடுப்பில்
ஒரு பலகையைச் சாய்த்துவிட்டு எழுந்து போனாள்.
என்ன பலகை என்று பக்கத்து ஆளைக் கேட்டேன்.
"சாப்பாட்டு நேரம்."
இடியப்ப வாசம்கூட வரவில்லை. ஒன்றேகால் மணித்தியாலம்.

கையெழுத்து, இன்னொரு கையெழுத்து,
இடது பெருவிரல்.
பார்சல்.

வாசலிலேயே பிரித்து மூக்கில் வைத்தேன்.
உட்துறைமுகம் வழிந்து வீதிக்கு வந்தது.
மானுக்கு எட்டுக் கால்.
சிவப்புத் தபாற்பெட்டி ஆள்மாதிரி அசைந்தது,
ஒதுங்கி வழிவிட்டேன்.
கடைப் பில்லை ஒரு பள்ளிக்கூடப் பெட்டை வாசித்தாள்:
"வில்வரத்ன, 14/3, கீழ் ஒழுங்கை, உவர்மலை."

நான் 14/3, மேல் ஒழுங்கை.

மூன்று நாள்.
ஒரு மான், ஒரு முத்திரை, ஒரு பெருவிரல்.
அவள் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.
அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
எனக்கு முன்னால் ஒருவர்,
சேர்ட் கொலரில் பவுடர், கையில் துண்டு.
அவள் அவருக்குச் சிங்களத்தில் சொன்னாள்.
எனக்கு விளங்குமளவு சிங்களம்:
உங்களுக்கு ஒரு ம் கூடுது.

தோளைத் தொட்டேன். பெட்டியை நீட்டினேன்.
போட்டுப் பார்த்தவர்
ஒரு கிழமையாக மனித முகமே காணாதவர்போல
என் முகத்தைப் பார்த்தார்,
மீசை வரை.
தன் துண்டை என் கையில் வைத்து அழுத்தினார்.
"இங்க வைச்சு மாத்த ஏலாது" என்றது தடுப்பு.
மாற்றியாகிவிட்டது.

துண்டையும் அட்டையையும் சேர்த்துத் தள்ளினேன்.
இரண்டிலும் வில்வரட்ணம்.
இரண்டிலும் கொழுத்த ம்.

அவள் ஒரு கோப்பை இழுத்தாள்.
நூலை அவிழ்த்தாள்.
ஊதா முத்திரை.
"ஐயா வில்வரத்ன எண்டு கடிதம் தந்திருக்கிறீங்கள்."
"ம்" என்றேன்.
"அப்ப இந்த வில்வரட்ணம் ஆர்?"